கதைக்கும் முன்பே கதைத்துப் பார்ப்பவர்கள்

உளவளத்துணைப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் மூன்று, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் திருகோணமலையிலிருந்து எழுதியவை. ஓட்டிசம் உள்ள ஒருவர் கதைப்பதற்கு முன்னர் மனதுக்குள் பார்க்கும் ஒத்திகையைப் பற்றியே மூன்றும் கேட்கின்றன. ஆகையால் ஏனைய கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இடம் முழுவதையும் இவற்றுக்கே தருகிறேன். தமிழகத்தில் ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் எழுதப்படுவதையே நாம் இங்கே ஓட்டிசம் என்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 29. நகரில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு ஓட்டிசம் இருப்பதை மனநல வைத்தியர் ஒருவர் சென்ற ஆண்டு உறுதிப்படுத்தினார். எவருடன் கதைப்பதாக இருந்தாலும் அந்த உரையாடல் முழுவதையும் முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது சிறு வயது முதல் என் வழக்கம். ஒரு றாத்தல் பாண் வாங்குவதற்கும் அப்படித்தான். வேலை முடிந்து டச்சுக் குடாக் கரையோரமாக நடக்கும்போது என் உதடுகள் அசைவது எனக்கே தெரிவதில்லை. கண்டவர்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கோயிலில் நூல் கட்டுவித்தார்.

அண்மையில் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பதற்காக ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். மூன்று நாட்கள் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் வணக்கம் சொல்லிப் படிவம் கேட்பேன், அவர் தருவார், நான் நிரப்பிக் கொடுப்பேன், அவர் கட்டணத்தைச் சொல்வார் என்று எல்லாம் என்னிடம் இருந்தன. கருமபீடத்தில் இருந்தவரோ நான் வாய் திறக்கும் முன்பே என் கையிலிருந்த கடித உறையைப் பார்த்து, "அதுக்குள்ள என்ன?" என்று கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பின்னால் நின்றவர் "ஊமையோ?" என்றார். வெளியே வந்துவிட்டேன், இன்னும் திரும்பிப் போகவில்லை.

ஒத்திகைதான் பதற்றத்தை வளர்க்கிறது, ஆயத்தமில்லாமல் கதைத்துப் பழகுங்கள் என்று முன்பு எனக்கு உளவளத்துணை தந்தவர் சொன்னார். முயன்று பார்த்தேன். இரண்டு வாரங்கள் எவருடனும் கதைக்காமலே கழிந்தன. இந்தப் பழக்கத்தை நான் விட வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருகோணமலை

பதில்: விட வேண்டாம். அந்த "ஊமையோ" என்ற சொல் உங்கள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை அறிவேன்; அதற்காக வருந்துகிறேன். முதலில் அந்தக் கருமபீடத்தில் நடந்ததை விளக்குகிறேன்.

உரையாடல் என்பது நாம் நினைப்பதைவிட மிக வேகமான ஒரு வேலை. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான நேரம் சராசரியாக 200 மில்லிசெக்கன் அளவே, அதாவது ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயர் ஒன்றைச் சொல்லத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் ஆகிறது. அப்படியானால் எவருமே கேள்வி முடிந்த பின்னர் பதிலை யோசிப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று ஊகித்து, பதிலை நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஓட்டிசம் உள்ள பலருக்கு எதிரே இருப்பவரின் சொல், குரலின் ஏற்ற இறக்கம், முகம், மேலே சுற்றும் மின்விசிறியின் ஓசை, பக்கத்து வரிசையில் நடக்கும் பேச்சு எல்லாம் ஒரே பலத்துடன் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அந்த நெரிசலில் ஊகிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மற்றவர்கள் அந்தக் கணத்தில் செய்யும் வேலையை நீங்கள் மூன்று நாட்களுக்கு முன்னரே செய்து வைக்கிறீர்கள்.

நம் ஊரில் இதை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கக்கூடாது. நான் சிங்களத்தை வளர்ந்த பின்னர் கற்றவள். சிங்களம் மட்டும் தெரிந்த ஓர் அதிகாரியிடம் போகும் நாளில், பஸ்ஸில் இருக்கும்போதே வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொள்வேன். என் உதடுகளும் அசைந்திருக்கும். நான் அடுக்கியதில் இல்லாத ஒன்றை அவர் கேட்டால், நன்கு தெரிந்த சொற்கள்கூட ஓடி ஒளிந்துவிடும். அப்போது என்னை எவரும் ஊமை என்பதில்லை. "அவவுக்குச் சிங்களம் ஓடாது" என்பதோடு விட்டுவிடுவார்கள். உங்களுக்கோ இந்த நிலை உங்கள் தாய்மொழியிலேயே, ஒவ்வொரு நாளும் நேர்கிறது. தானும் ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 2012இல் எழுதிய கட்டுரையொன்றில், ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களை விளங்கவில்லை என்று மட்டும் சொல்வது அரைக் கணக்கு என்றார். மற்றவர்களுக்கும் அவரை விளங்குவதில்லை, ஆகவே இடைவெளி இரு கரைக்கும் உரியது என்பதே அவர் வாதம். அந்த இடைவெளியைக் கடக்கும் வேலையை இன்று நீங்கள் ஒருவரே சுமக்கிறீர்கள். அந்த வேலைக்குத்தான் ஒத்திகை என்று பெயர்.

முன்பு உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தீய எண்ணத்தில் சொல்லப்பட்டதன்று. சமூகப் பதற்றம் என்னும் வேறொரு நிலை உண்டு. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இருவர் 1995இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மற்றவர்கள் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுவார்கள் என்று அஞ்சுபவர், அந்த அச்சத்திலிருந்து தப்புவதற்காகச் சில காரியங்களைச் செய்கிறார். சொல்லப்போவதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. அது அவரது கவனத்தைத் தன்மீதே திருப்பி அச்சத்தைக் கூட்டிவிடுகிறது என்பது அந்த விளக்கம். அத்தகையவரிடம் ஒத்திகையைக் கைவிட்டுப் பாருங்கள் என்று சொல்வதில் நியாயம் உண்டு, ஏனெனில் ஒத்திகை இல்லாமலும் அவரால் கதைக்க முடியும் என்பதை அவர் கண்டுகொள்கிறார். ஓட்டிசம் உள்ளவரிடம் அதே சொல்லைச் சொன்னால், பார்வை குறைந்தவரிடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழகுங்கள் என்று சொன்னதாகிவிடும். உங்கள் இரண்டு வார மௌனம் அதைத்தான் காட்டியது. அதை உங்கள் தோல்வியாக எண்ணாதீர்கள். இரண்டு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், உங்களுடன் வேலை செய்யும் ஆலோசகரிடம் ஓட்டிசம் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இது உங்கள் ஒருவரின் விசித்திரப் பழக்கமும் இல்லை. ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் மற்றவர்களிடையே எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதை அளப்பதற்கு 25 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்து 2019 முதல் ஆய்வுகளில் பயன்படுகிறது. மற்றவர்களோடு இருக்கும்போது பின்பற்றுவதற்கென ஒரு பேச்சுப் பிரதியைத் தயாரித்து வைத்திருக்கிறேன் என்பது அவற்றுள் ஒரு கூற்று. அதற்கு முன்னோடியாக 2017இல் வெளியான ஆய்வில் 92 பேர் தங்கள் அனுபவத்தை எழுதித் தந்தார்கள். அவ்வாறு சமாளித்து முடிந்த பின்னர் வரும் களைப்பைப் பற்றி அவர்களுள் பலர் எழுதியிருந்தார்கள். இந்தக் களைப்பைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்ல வந்தது போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பார்க்கும் ஒத்திகை ஒரு வகை. நான் யார் என்பது எவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகப் பார்க்கும் ஒத்திகை வேறு வகை. கதைத்து முடிந்து வீடு திரும்பும்போது "சான்றிதழ் கிடைத்ததா?" என்று நினைக்கிறீர்களா, "கண்டுபிடித்துவிட்டார்களா?" என்று நினைக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். முதலாவது வகைக்கு வேண்டிய அளவு நேரம் கொடுங்கள். இரண்டாவது வகையை மெல்ல மெல்லக் குறையுங்கள், ஏனெனில் மனிதரை வாட்டுவது அதுவே.

இனி, கடித உறைக்கு வருவோம். அன்று நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் ஒத்திகை கூடிப்போனது இல்லை. அதில் அந்த அலுவலரின் வசனத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் தன் வசனத்தைச் சொல்லாதபோது உங்கள் வசனத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. என்னிடம் வரும் ஓர் இளைஞர் இதற்குக் கண்ட வழியை அவருடைய சம்மதத்துடன் சொல்கிறேன். அவர் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். விரித்தால் இடப்பக்கத்தில் தான் சொல்லப்போவதை நீல மையிலும், வலப்பக்கத்தில் எதிராளி சொல்லப்போவதைச் சிவப்பு மையிலும் எழுதியிருப்பார். சில நாட்களில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட நெருக்கமாக நிரம்பியிருக்கும். ஒருநாள் அவர் வந்தபோது வலப்பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. "அது அவையின்ர பக்கம் மிஸ், நான் எழுதேலாது" என்றார். நான் சொல்லிக்கொடுத்ததன்று; அவராகக் கண்டுபிடித்தது. இடப்பக்கத்தில் மேலே ஒரே ஒரு வாக்கியம் இருந்தது, தான் எதற்காகப் போகிறார் என்பது. அதன் கீழே, எந்தக் கேள்விக்கும் பொருந்தக்கூடிய இரண்டு வாக்கியங்கள் இருந்தன. "கொஞ்சம் பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்" என்பது ஒன்று. "எனக்கு உடனே கதைக்க வராது, இதில எழுதியிருக்கிறன், பாருங்கோ" என்பது மற்றொன்று.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். அலுவலரின் பங்கை விட்டுவிட்டு, இந்த மூன்று வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுப் பழகுங்கள். வேண்டியதை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். தாளை நீட்டுவதற்குக் குரல் வேண்டியதில்லை. "அதுக்குள்ள என்ன?" என்று மறுபடியும் கேட்டால், உறையைத் திறந்து காட்டுவதும் முழுமையான பதில்தான். முடிந்தால் அலுவலகம் திறந்தவுடனேயே, வரிசை சேர்வதற்கு முன்னர் போங்கள்.

இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆயினும் கேட்க விரும்புகிறேன். நாளைய பேச்சை ஆயத்தம் செய்வதும், நேற்று நடந்த பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டி உங்களையே குற்றம் சாட்டுவதும் வெளியே ஒன்றுபோலத் தோன்றும். முன்னது ஓர் இடத்தில் முடியும். பின்னது முடியாது, நித்திரையையும் கொண்டுபோய்விடும். தம் இயல்பை இடைவிடாமல் மறைத்து வாழும் ஓட்டிசம் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாகக் காணப்படுவதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. அத்தகைய எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அழைத்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எந்தக் குறையும் இல்லை.

அம்மாவிடம், "நாளைக்குச் சொல்லப் போறதை இப்ப சொல்லிப் பாக்கிறன் அம்மா" என்று ஒரு முறை சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்கு மலையேறுபவர்கள் தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு போவதை எவரும் வேடிக்கை பார்ப்பதில்லை. உங்கள் உதட்டசைவுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அவருடைய பயம் பாதியாகக் குறையும். நூல் கையிலேயே இருக்கட்டும். அவர் அதை அன்பினால் கட்டினார்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள். என் கணவருக்கு ஓட்டிசம் உண்டு என்பதைத் தெரிந்தே மணந்தேன். சென்ற வாரம் அவருடைய கைத்தொலைபேசியில் ஒரு குறிப்பைக் கண்டேன். "அவள் வந்ததும்: காலையில் இருந்த தலைவலி எப்படி என்று கேட்க வேண்டும். அழுதால்: ஆலோசனை சொல்லக் கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுடைய அக்காவைப் பற்றிச் சொன்னால்: முழுவதும் கேட்க வேண்டும்" என்று இருந்தது. அன்று மாலை அவர் சொற்பிசகாமல் அப்படியே கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. மூன்று ஆண்டுகளாக எனக்குக் கிடைத்த அன்பெல்லாம் மனப்பாடம்தானா?
— வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் மனம் நொந்தது இயல்பு. அன்பு என்றால் அது தானாக ஊற்றெடுக்க வேண்டும் என்றே நாமெல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தக் குறிப்பை இன்னொரு முறை, இம்முறை கோபமில்லாமல், வாசியுங்கள். காலையில் நீங்கள் சொன்ன தலைவலி மாலைவரை அவர் நினைவில் இருந்திருக்கிறது. நீங்கள் அழுதபோது அவர் முன்பொருநாள் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். அது உங்களை இன்னும் நோகச் செய்தது என்பதைக் கண்டிருக்கிறார். மறுமுறை அப்படி நேரக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். நினைப்பும் கவலையும் அவருடையவை, உண்மையானவை. அவற்றை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் சொல் மட்டுமே முன்கூட்டி எழுதப்பட்டது.

செத்த வீட்டுக்குப் போகும் வழியில், அங்கே என்ன சொல்வது என்று ஓட்டோவுக்குள் இருந்தே நாம் யோசிப்பதில்லையா? கலியாணம் பேசப் போகும்போது யார் முதலில் வாய் திறப்பது, சீதனப் பேச்சு வந்தால் யார் பதில் சொல்வது என்று இரவிரவாக ஒத்திகை பார்ப்பதில்லையா? அந்த வீட்டாரை மதிப்பதனால்தான் அவ்வளவு பார்க்கிறோம். உங்கள் கணவர் நாள்தோறும் மாலையில் உங்களுக்காக அதைச் செய்கிறார்.

அதே வேளை, உங்கள் கடிதத்தில் எனக்கு வேறொரு கவலை தோன்றுகிறது. வெளியே நாள் முழுவதும் ஒத்திகை பார்த்துக் கதைத்த மனிதர், வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறார் என்றால், அவர் எங்கே இளைப்பாறுகிறார்? இதில் நீங்கள் உதவலாம். வேலையால் வந்தவுடன் இருவரும் அரை மணித்தியாலம் கதைக்காமல் தேநீர் குடிக்கலாம் என்று ஓர் ஒழுங்கு செய்து, அந்த மௌனத்தில் கோபம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அவராக ஊகிப்பார் என்று காத்திராமல், "இப்ப எனக்கு ஆலோசனை வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்" என்று நேரே சொல்லுங்கள்; அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். பணம், பிள்ளை, மாமியார் வீடு போன்ற பாரமான விடயங்களை முதலில் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, நாளை இரவு கதைப்போம் என்று அவகாசம் கொடுங்கள். "இப்பவே பதில் சொல்லுங்கோ" என்பது உங்கள் வீட்டில் இல்லாதிருக்கட்டும்.

ஓட்டிசம் உள்ளவரை விளங்கிக்கொள்வது என்பதன் பொருள், உங்கள் தனிமையை நீங்கள் விழுங்கிவிட வேண்டும் என்பதன்று. எழுதாத ஒரு சொல்லை எப்போதாவது கேட்க வேண்டும்போல இருக்கிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்; அது தட்டுத் தடுமாறி, பாதியில் நின்று வந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னாலும் தண்டனை இல்லை என்று உறுதியாகத் தெரியும் இடத்தில்தான் இத்தகையவர்கள் ஒத்திகை இல்லாமல் வாய் திறக்கிறார்கள். அந்தக் குறிப்பை வாசித்ததையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மாதந்தோறும் தாயாரின் மருந்துக்காக ஓர் இளைஞர் வருகிறார். ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரிச் சொல்வார். இடையில் நான் ஏதாவது கேட்டால் நின்றுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். சில நாட்களில் மருந்து வாங்காமலே போய்விடுவார். தனக்கு ஓட்டிசம் என்று அவரே ஒரு முறை சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, திருகோணமலை

பதில்: இப்படிக் கேட்டு எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்கிறேன், முதற்கடிதத்தை எழுதியவர் போன ஒவ்வொரு கருமபீடத்திலும் உங்களைப் போன்ற ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவருடைய வாக்கியம் முடியும்வரை குறுக்கிடாதீர்கள். இடையில் அறுந்தால் அவர் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னர் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அவர் பதில் சொல்லவில்லையென்று அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால், அவருக்கு அது இரண்டாவது கேள்வி. அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கதைத்தால், அப்படித்தான் அவருக்கு நன்றாகக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கதைக்கத் தெரியாது என்று மட்டும் எண்ண வேண்டாம். எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் குரொம்ப்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2020இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எட்டு எட்டுப் பேராக வரிசைகள் அமைத்து, ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்தச் செய்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகள், ஓட்டிசம் இல்லாதவர்களின் வரிசைகளைப் போலவே கதையைக் காப்பாற்றின. இரு சாராரும் கலந்த வரிசைகளிலேயே விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. பின்னர் மேலும் பெரிய அளவில் செய்தபோது கலப்பு வரிசைகளின் அந்தச் சரிவு தெரியவில்லை. ஆயினும் ஓட்டிசம் உள்ளவர்கள் செய்தியைக் கடத்துவதில் குறைந்தவர்கள் என்று இரண்டு முயற்சிகளிலும் காணப்படவில்லை.

அடுத்த மாதம் அவர் வரும்போது மருந்தைக் கொடுத்த பின்னர், நீங்கள் வழமையாகக் கேட்பவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாட்களுக்கு, எந்த மில்லிகிராம், அதே கம்பனியின் மருந்து இல்லாவிட்டால் வேறு கம்பனியின் மருந்து தரலாமா. "வரேக்க இதை நிரப்பிக்கொண்டு வாங்கோ தம்பி" என்று சொன்னால் போதும். மற்றதை அவர் வீட்டிலிருந்தே ஆயத்தம் செய்துகொண்டு வருவார்.